உண்ணி விழும் மண்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் காளைக்கு நடக்கும் உபசாரம் வீட்டுப் பிள்ளைக்குக்கூட நடக்காது. விடியலில் நடை, வெயில் ஏறியதும் கண்மாயில் நீச்சல், மாலையில் மண்மேட்டில் கொம்பு குத்தப் பழக்குவது, ராத்திரிக்கு ஊறவைத்த பருத்திவிதை. தை மூன்றாம் நாள் அலங்காநல்லூர் வாடிவாசலுக்குப் போக வேண்டுமென்றால் கால்நடை மருத்துவரின் உடற்தகுதிச் சான்று வேண்டும். அதனால் வளர்ப்பவர் தினமும் காளையின் உடம்பைக் கையால் தடவிப் பார்ப்பார். காதுக்குள், அலைதாடி மடிப்பில், வாலடியில், தொடையிடுக்கில் விரல் தேடிப் போகும். ஒன்றோ இரண்டோ உண்ணி அகப்படும்.

அதே தொழுவத்தின் மறுமுனையில் கட்டியிருக்கும் ஜெர்சி கலப்பினப் பசுவின் கதை வேறு. போன மார்கழியில் ஒரு சாயங்காலம் மதினி அதன் மடிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு கொட்டாங்கச்சி, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய். ஒவ்வொன்றாகப் பிடுங்கி அதற்குள் போட்டுக்கொண்டிருந்தார். பாதிக் கொட்டாங்கச்சி நிறைந்திருந்தது. கொட்டைமுத்து அளவுக்குப் பருத்து, சாம்பல் நிறத்தில், கால்கள் எங்கே என்று தெரியாதபடி உப்பிப்போன உண்ணிகள்.

“போன வாரந்தேன் மருந்தடிச்சேன் தம்பி. நாலு நாளு சுத்தமா இருந்துச்சு. இப்பப் பாருங்க, மடியெல்லாம் அப்பிக் கெடக்கு. கடைக்காரன் பழைய மருந்தக் குடுத்துட்டானோ என்னமோ.”

“தரைக்கு அடிச்சீங்களா மதினி?”

“தரைக்கு எதுக்கு? உண்ணி மாட்டுலதான இருக்கு.”

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததெல்லாம் மதினியின் அந்தக் கேள்விக்கான பதில்தான். கண்ணுக்குத் தெரிவது மாட்டில் இருக்கும் உண்ணி. தெரியாமல் தரையில் கிடப்பது அதைவிடப் பல மடங்கு. நம்முடைய மருந்து, பணம், உழைப்பு எல்லாம் அந்தச் சிறு பங்கின் மீதே போய் விழுகிறது.

உண்பது எதுவோ அது உண்ணி என்று நம் மொழி நேராகப் பெயர் வைத்துவிட்டது. மாட்டின் காலடியில் நடந்து திரியும் வெள்ளைக் கொக்குக்கு உண்ணிக்கொக்கு என்று பேர். காட்டோரங்களை மூடிக் கிடக்கும் லந்தானாவுக்கு உண்ணிச்செடி. கொட்டைமுத்து என்று சும்மா சொல்லவில்லை. ஆமணக்குக்கு அறிவியலார் வைத்த ‘ரிசினஸ்’ என்ற பெயருக்கே லத்தீனில் உண்ணி என்றுதான் பொருள். விதையைப் பார்த்தவர்கள் எந்த ஊர்க்காரர்களாக இருந்தாலும் அதே நினைப்புத்தான் வந்திருக்கிறது.

நம் ஊர் மாட்டில் அதிகம் காண்பது ‘ரிப்பிசெபாலஸ் மைக்ரோபிளஸ்’ என்னும் மாட்டு உண்ணி. இதன் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆறு கால் குஞ்சாகப் புல்நுனியில் ஏறி, முன்னங்கால்களை நீட்டிக் காத்திருக்கும். மாட்டின் மூச்சுக்காற்றும் உடல் வாடையும் அந்தக் கால்களில் உள்ள நுண்ணுறுப்பில் படும். மாடு உரசிய நொடியில் தொற்றிக்கொள்ளும். பிறகு அதே மாட்டின் மேலேயே தோலுரித்து எட்டுக்கால் இளம் உண்ணியாகி, மறுபடி தோலுரித்து முதிர்ந்து, இணை சேர்ந்து, வயிறு முட்டக் குடித்துவிட்டுக் கீழே விழும். ஏறியதிலிருந்து விழுவது வரை ஏறக்குறைய 21 நாள். விழுந்த பெண் உண்ணி தொழுவத்தின் வெடிப்பிலோ சாணிக்குவியல் ஓரத்திலோ புல்லடியிலோ ஒதுங்கி 2,000 முதல் 3,000 முட்டை வரை இட்டுவிட்டுச் சாகும். மூன்று வாரத்தையொட்டிக் குஞ்சு பொரியும். ஈரமும் நிழலும் கிடைத்தால் அந்தக் குஞ்சு தீனியே இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும்.

பத்து பெண் உண்ணி தரையில் விழுந்தால் குறைந்தது 20,000 முட்டை. மதினி கொட்டாங்கச்சியில் போட்டது ஒரு நூறு இருக்கலாம். அவர் கைக்குத் தப்பி விழுந்தவை இட்ட முட்டைகளின் குஞ்சுகள்தான் அடுத்த மாதம் மடியில் ஏறப்போகிறவை. மருந்தடித்து நாலு நாள் கழித்து மாட்டில் பருத்துத் தெரிந்தவை மருந்துக்குச் சாகாதவை, தரையிலிருந்து புதிதாக ஏறியவை இன்னும் பொடியாகத்தான் இருக்கும். கடைக்காரரைக் குறை சொல்லும் முன் இந்த இரண்டையும் பார்க்க வேண்டும்.

இங்கே நம் பழைய மாடுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஜல்லிக்கட்டில் பேர் வாங்கும் புலிக்குளம் மாடு, பிறப்பில் கிடைமாடு. சிவகங்கைச் சீமையிலும் மதுரைச் சுற்றுவட்டாரத்திலும் மந்தை மந்தையாக ஓட்டிப் போய், அறுவடை முடிந்த வயலில் இரவு அடைத்து, சாணியும் மூத்திரமும் அந்த வயலுக்கு உரமாக விட்டு, சில நாளில் அடுத்த வயலுக்குப் பெயர்வது கிடை. உரத்துக்காக என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்ணியின் கணக்கை வைத்துப் பார்த்தால் அதில் இன்னொரு பலனும் தெரிகிறது. இன்றைக்கு இந்த வயலில் விழுந்த உண்ணி முட்டையிட்டு, அது பொரிந்து, குஞ்சு புல்நுனி ஏறும் நேரத்தில் மந்தை பல மைல் தாண்டிப் போயிருக்கும். காத்திருந்த குஞ்சுகளில் பெரும்பங்கு வெயிலில் காய்ந்து சாகும். ஆஸ்திரேலியாவில் மேய்ச்சல் நிலத்தைப் பல வாரம் சும்மா போட்டு உண்ணியைப் பட்டினி போடும் முறையை ஆராய்ந்து பரிந்துரைத்தார்கள். நம் கிடைக்காரர்கள் ஏட்டில் எழுதாமலேயே அதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

மாடும் அதற்கேற்ற மாடு. திமில் உள்ள நம் நாட்டினத்துக்கு ரோமம் குட்டை, தோலைச் சுண்டி உதறும் தசை வலுவானது, நக்கித் துடைக்கும் பழக்கம் அதிகம், உண்ணி கடித்த இடத்தில் உடம்பு காட்டும் எதிர்ப்பும் கூடுதல். ஏறும் நூறு குஞ்சுகளில் வெகு சிலவே முழு வளர்ச்சி காணும். ஐரோப்பிய இனங்களில் அவற்றைவிடப் பல மடங்கு தப்பிப் பிழைக்கும். ஆஸ்திரேலியாவுக்கு மாட்டு உண்ணி போனதே 1872-இல் இன்றைய இந்தோனேசியாவிலிருந்து டார்வினில் இறக்கப்பட்ட திமில் மாடுகளோடுதான். அந்த நாட்டின் வடபகுதிப் பண்ணைகள் கடைசியில் உண்ணிக்குத் தாக்குப்பிடிப்பதற்காகத் திமில் மாட்டுக் கலப்பையே நம்பின. நாம் எதிர்த்திசையில் நடந்தோம். பாலுக்காக ஜெர்சியையும் ஹோல்ஸ்டீன் பிரீசியனையும் கலந்தோம். அதைத் தவறென்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பால்தான் இங்கே பல குடும்பங்களின் மாதச் சம்பளம். ஆனால் உண்ணியைத் தாங்காத மாட்டை ஒரே முளையில், ஒரே ஈரத் தரையில் ஆண்டு முழுக்கக் கட்டிவைத்தோம். மேய்ச்சல் கிடையாது, வரப்புப் புல்லும் கரும்புத் தோகையும் கட்டுக்கட்டாகத் தலைச்சுமையில் வரும். மற்ற மாடுகள் மேய்ந்த வரப்பிலிருந்து அறுத்த புல் என்றால் அதன் நுனியில் குஞ்சும் சேர்ந்தே வரும்.

ரத்தம் குடிப்பதோடு உண்ணி நிற்பதில்லை. 1893-இல் அமெரிக்காவின் தியோபால்ட் ஸ்மித், கில்போர்ன் இருவரும் ‘டெக்சாஸ் காய்ச்சல்’ உண்ணி வழியாகப் பரவுகிறது என்று நிறுவினார்கள். கடிக்கும் பூச்சியினம் ஒரு நோயைக் கடத்துகிறது என்று உறுதியான முதல் சான்றுகளில் ஒன்று அது. கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்ட் ராஸ் இந்தியாவில் காட்டியது அதற்கு நாலு வருஷம் கழித்து, 1897-இல். அந்த டெக்சாஸ் காய்ச்சலின் காரணமான பபீசியா நம் ஊரிலும் உண்டு. கடும் காய்ச்சலோடு மூத்திரம் காப்பித் தண்ணீர் போலப் போகும். தாய் உண்ணியிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கும் இது இறங்குகிறது.

அதைவிடக் கலப்பினத்தை வாட்டுவது தைலீரியா. இதைக் கொண்டுவருவது ‘ஹயலோமா’ என்ற வேறு உண்ணி. அந்த உண்ணியின் கால்களில் வரிவரியாக நிறம் மாறியிருக்கும். மாட்டுக்குக் காய்ச்சல் 104, 106 டிகிரி என்று ஏறும். தோளுக்கு முன்னால் நெறிகட்டி, எலுமிச்சம்பழம் போல விரலுக்குத் தட்டும். கண்ணும் ஈறும் வெளுத்துக்கொண்டே போகும். பூபார்வாகுவோன் ஊசியை முதல் ஓரிரு நாளில் போட்டால் மாடு பிழைக்கும். விலை கூடுதல், தாமதித்தால் வீண். கலப்பினக் கன்றுகளுக்கு ‘ரக்ஷாவாக்-டி’ என்ற தடுப்பூசி இருக்கிறது. திரவ நைட்ரஜனில் வைத்துக் கொண்டுவர வேண்டிய உயிர்த் தடுப்பூசி என்பதால் எல்லாக் கிராமத்துக்கும் வந்து சேருவதில்லை. உண்ணி கொண்டுவரும் மூன்றாவது நோய் அனாப்பிளாஸ்மா, ஆக்சிடெட்ராசைக்ளினுக்குக் கட்டுப்படும். காய்ச்சல் மாட்டைப் பார்த்ததும் ஊசி போடச் சொல்லாமல், ரத்தத்தில் ஒரு சொட்டுக் கண்ணாடித் தகட்டில் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று நோய்க்கும் மருந்து வேறு வேறு.

இனி மருந்து. ஆர்சனிக் கரைசல் தொட்டியில் மாட்டை முக்கி எடுப்பதில் தொடங்கியது இந்த வரலாறு. 1930-களிலேயே ஆஸ்திரேலியாவில் ஆர்சனிக்குக்கு அசையாத உண்ணிகள் வந்துவிட்டன. பிறகு டிடிடி, ஆர்கனோ பாஸ்பேட்டுகள், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், அமிட்ராஸ், ஐவர்மெக்டின். ஒவ்வொன்றும் வந்த புதிதில் அற்புதம், சில வருஷத்தில் பாதி பலன். இந்தியாவின் பல மாநிலங்களில் டெல்டாமெத்ரினுக்கும் சைபர்மெத்ரினுக்கும் தாக்குப்பிடிக்கும் மாட்டு உண்ணிகள் பதிவாகியிருக்கின்றன. அந்த எதிர்ப்பை வளர்த்ததில் நம் தொழுவத்துக்கும் பங்குண்டு. ஒரு பெரிய மாட்டை முழுக்க நனைக்க மூன்று நான்கு லிட்டர் கரைசல் வேண்டும். நாம் ஒரு லிட்டர் கலக்கி முதுகில் துடைத்துவிட்டு, காதுக்குள்ளும் மடியிடுக்கிலும் வாலடியிலும் விட்டுவிடுகிறோம். உண்ணி இருப்பது அங்கேதான். அரைகுறையாகப் பட்ட மருந்தில் பலவீனமானது சாகும், வலுவானது பெருகும். அடுத்த முறை அதே மருந்தை இன்னும் கூடுதலாகக் கலக்குவோம். அது மாட்டைத்தான் பாதிக்கும்.

உறையில் போட்டிருக்கும் அளவு மாறக்கூடாது. அமிட்ராஸ் 12.5 சதவீத மருந்தென்றால் லிட்டருக்கு 2 மில்லி. வெயில் ஏறும் முன் அல்லது தணிந்த பின், மாட்டுக்கு முதலில் வயிறாரத் தண்ணீர் காட்டிவிட்டு, ரோமத்துக்கு எதிர்த்திசையில் அடிக்க வேண்டும். நக்காமல் காயவிட வேண்டும். பயிருக்கு வாங்கிய பூச்சிமருந்தை மாட்டுக்கு அடிப்பது கொலைக்குச் சமம். அதில் செத்த மாடுகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மருந்தடித்த காளையை அன்றைக்கே கண்மாயில் நீந்தவிடுவதும் கூடாது. சைபர்மெத்ரின் வகை மருந்துகள் மீனுக்குக் கொடிய நஞ்சு, மருந்தும் கரைந்து வீணாகும்.

ஐவர்மெக்டின் ஊசியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அதைக் கண்டறிந்த சதோஷி ஒமுரா, வில்லியம் கேம்ப்பெல் இருவருக்கும் 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அது பாலில் இறங்கும், வாரக்கணக்கில் தங்கும். கறவை மாட்டுக்கு அதைப் போட்டுவிட்டு மறுநாள் காலை சொசைட்டி கேனில் பாலை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பால் யாரோ ஒரு குழந்தைக்குத்தான் போகிறது.

மூலிகை வழியைச் சிலர் கேலி செய்கிறார்கள், சிலர் சர்வரோக நிவாரணி என்கிறார்கள். இரண்டும் எனக்கு உடன்பாடில்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி பல ஆண்டு உழைத்து மரபுவழி மருத்துவத்தை முறைப்படுத்தினார். தேசிய பால்வள வாரியம் அதை நாடெங்கும் கொண்டுபோகிறது. உண்ணிக்கான கூட்டு இதுதான்: பூண்டு 10 பல், வேப்பிலை ஒரு கைப்பிடி, வேப்பங்காய் அல்லது பழம் ஒரு கைப்பிடி, வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம், உண்ணிச்செடி இலை ஒரு கைப்பிடி, துளசி ஒரு கைப்பிடி. அரைத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கி வடிகட்டி, வெயில் நேரத்தில் உடம்பெங்கும் தெளித்து, தொழுவத்து வெடிப்பிலும் தெளிக்க வேண்டும். வாரம் ஒருமுறை, உண்ணி நீங்கும் வரை. உண்ணிச்செடி இலையை மாடு தின்றால் ஈரல் கெட்டு, வெயில்பட்ட தோல் வெந்து உரியும். அதனால் வடிகட்டிய சக்கையைத் தீனித்தொட்டிப் பக்கம் போடாதீர்கள். இளம் தாக்குதலுக்கு, கன்றுக்கு, கறவை மாட்டுக்கு இந்தக் கூட்டு நல்லது. மடி முழுக்க அப்பிக் காய்ச்சலும் வந்த மாட்டுக்கு இதை மட்டும் நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

கியூபாவும் ஆஸ்திரேலியாவும் 1990-களில் உண்ணிக்கே தடுப்பூசி கொண்டுவந்தன. உண்ணிக் குடலில் உள்ள ஒரு புரதத்துக்கு எதிராக மாட்டின் ரத்தத்தில் எதிர்ப்பொருளை உண்டாக்கி, குடிக்கிற ரத்தமே உண்ணியைக் கெடுக்கும்படி செய்வது அது. நம் ஊர் மருந்துக்கடையில் கிடைப்பதில்லை.

நாய்க்கு வருவோம். வாசலில் கட்டிய சிப்பிப்பாறைக்கும் தெருநாய்க்கும் ஏறுவது மாட்டு உண்ணியல்ல, பழுப்பு நாய் உண்ணி. இது மூன்று முறை ஏறி மூன்று முறை இறங்குகிற இனம். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் சுவர் ஏறி, கதவு நிலையின் இடுக்கிலும் காலண்டருக்குப் பின்னாலும் ஒளிந்துகொள்ளும். நாயைக் குளிப்பாட்டி மட்டும் இதை ஒழிக்கவே முடியாது. நாய்க்கு இது தரும் எர்லிச்சியா நோயில் ரத்தத் தட்டுகள் குறைந்து, கடைசியில் மூக்கில் ரத்தம் வடியும். ஆரம்பத்தில் கவனித்தால் டாக்சிசைக்ளின் நாலு வாரம் கொடுத்துக் காப்பாற்றலாம். ஃபுளுராலனர் போன்ற மாத்திரைகள் மூன்று மாதம் வரை காக்கின்றன. வலிப்பு வரும் நாய்க்கு மருத்துவரைக் கேட்காமல் தரக்கூடாது. பூனை வளர்ப்பவர்களுக்கு எச்சரிக்கை: நாய்க்கு விற்கும் பெர்மெத்ரின் சொட்டுமருந்து பூனையைக் கொன்றுவிடும்.

மழைக்காலத்தில் ‘உண்ணிக்காய்ச்சல்’ என்று பத்திரிகையில் வருவதைப் படித்துவிட்டு மாட்டைச் சந்தேகிப்பவர்களைப் பார்க்கிறேன். ஸ்க்ரப் டைபஸ் என்ற அந்தக் காய்ச்சலைப் பரப்புவது புதரில் வாழும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சியின் குஞ்சு. மாட்டு உண்ணிக்கு அதில் வேலை இல்லை. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போலக் கருப்பு வடு இருக்கும். காய்ச்சலோடு அதைப் பார்த்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதற்காக உண்ணியை நசுக்கி விளையாடலாம் என்று பொருளில்லை. 2011-இல் குஜராத்தின் சானந்த் பகுதியில் கிரிமியன்-காங்கோ ரத்தக்கசிவுக் காய்ச்சல் நோயாளியோடு, சிகிச்சை தந்த மருத்துவரையும் செவிலியரையும் பலிகொண்டது. அதைக் கடத்துவது ஹயலோமா உண்ணி. மதினிக்கு நான் சொன்னது இவ்வளவே: நகத்தால் நசுக்காதீர்கள், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

உண்ணியை அடியோடு ஒழிக்க முடியுமா என்று கேட்டால், ஒரு நாடு கிட்டத்தட்டச் செய்திருக்கிறது. அமெரிக்கா 1906-இல் தொடங்கி 1943-இல் மாட்டு உண்ணியை மெக்சிகோ எல்லையோர ஒரு பட்டைக்குள் ஒதுக்கியது. தென்மாநிலங்களில் எல்லா மாடும் இரண்டு வாரத்துக்கொரு முறை மருந்துத் தொட்டியில் இறங்கியாக வேண்டும் என்று சட்டம். எதிர்த்த விவசாயிகள் தொட்டிகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். நமக்கு அது தேவையுமில்லை. சிறு வயதில் கொஞ்சம் உண்ணி கடித்து வளர்ந்த கன்று பபீசியாவுக்கு எதிர்ப்பு பெறுகிறது. உண்ணியே காணாத மாடு திடீரென்று கடிபட்டால் விழுந்துவிடுகிறது. ஆனால் அந்த வரலாற்றில் ஓர் உண்மை இருக்கிறது. தனித்தனியாக அடித்த யாரும் அங்கே ஜெயிக்கவில்லை, சேர்ந்து அடித்த ஊர்தான் ஜெயித்தது.

கோமாரிக்குத் தடுப்பூசி முகாம் நம் தெருவுக்கே வருகிறது. ஒரே நாளில் எல்லா மாட்டுக்கும் போடுகிறார்கள். உண்ணிக்கு அப்படி ஒரு நாள் இல்லை. ஒரு வீடு இந்த வாரம், அடுத்த வீடு அடுத்த மாதம், எதிர்வீடு அடிப்பதே இல்லை. நடுவில் ஜல்லிக்கட்டுக்குப் பல மாவட்டத்துக் காளைகள் வந்து கட்டுத்தறியில் மணிக்கணக்கில் நின்று, பருத்த உண்ணிகளை நம் மண்ணில் உதிர்த்துவிட்டுப் போகின்றன.

காலமும் தவறுகிறது. நாம் உண்ணி கண்ணுக்குத் தெரியும் மார்கழியில் அடிக்கிறோம். கோடை வெயிலில் முட்டையும் குஞ்சும் காய்ந்து எண்ணிக்கை சுருங்கியிருக்கும் நேரத்தில், ஐப்பசி மழைக்கு முன் புரட்டாசியிலேயே முதல் அடி விழ வேண்டும். பிறகு 21 நாளுக்கொரு முறை, மூன்று தடவை. அதே நாளில் தொழுவத்து வெடிப்பைச் சிமென்டால் அடைத்து, இடுப்புயரம் வரை சுண்ணாம்படித்து, குப்பையைத் தள்ளிக் கொட்டி, தரைக்கும் மருந்து. நாலு நாட்டுக்கோழியைத் தொழுவத்தில் மேயவிட்டால் விழுந்த உண்ணியைப் பொறுக்கித் தின்னும். மருந்து காயும் வரை மட்டும் அடைத்து வையுங்கள்.

அலங்காநல்லூர், பாலமேடு வட்டாரத்துப் பால் சொசைட்டிகளுக்கு என் வேண்டுகோள் இது. வருகிற புரட்டாசியில் ஒரு நாளைக் குறியுங்கள். எந்த மருந்து இங்கே இன்னும் வேலை செய்கிறது என்று திருப்பரங்குன்றத்தில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தைக் கேளுங்கள். அந்த ஒரு மருந்தை மொத்தமாக வாங்கி, ஒரே நாளில் தெருவிலுள்ள எல்லா மாட்டுக்கும், எல்லாத் தரைக்கும் அடிக்கச் சொல்லுங்கள். காய்ச்சல் கண்ட மாட்டுக்கு 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும். மதினி இந்த வருஷம் புரட்டாசி முதல் வாரத்தைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார், எதிர்வீட்டுக்காரரிடமும் பேசிவிட்டார்.